நாராயண பிள்ளை போய்க் கேட்டார், மாமா

மாமா,

வரும் முப்பதாம் தேதியோடு கடையை மூடுகிறேன். வாடகை எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை. இதை அத்தையும் படிப்பார்கள், சிங்கப்பூர் தேக்காவில் தெரிந்தவர்கள் பாதிப்பேர் படிப்பார்கள்.

நேற்று சரக்கை ஒதுக்கும்போது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உங்கள் முக்காலி கிடந்தது. ஒரு கால் ஆடும் என்று அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தீர்களே, அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் கொஞ்சம் உட்கார்ந்தேன். தீபாவளிக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

வரிசை வாசல்வரை நிற்கிறது. கல்லாவில் நீங்கள். ஒரு பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாராயண பிள்ளை கதையை ஆரம்பித்துவிட்டீர்கள். 1819-ல், சிங்கப்பூரை நிறுவிய வெள்ளைக்காரர் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர், இங்கே முதல் செங்கல் சூளை போட்டவர், அப்புறம் வெள்ளைக்கார வியாபாரிகளிடம் கடனுக்குத் துணி எடுத்து கிராஸ் ஸ்ட்ரீட்டில் கடை வைத்தவர். 1822-ல் தீ. துணி போய்விட்டது, கடன் நின்றது. ராஃபிள்ஸிடம் போய் நிலைமையைச் சொன்னார், கமர்ஷியல் ஸ்குவேரில் இடம் கிடைத்தது, மறுபடி எழுந்தார். "அந்த ஸ்குவேர்தான் இப்போ ராஃபிள்ஸ் பிளேஸ், ராபின்சன்ஸ் பல்பொருள் கடை எரிஞ்சதும் அங்கேதான், 1972 நவம்பர்" என்று அடுத்த கதைக்குத் தாவினீர்கள். ஒன்பது பேர் செத்துப்போன தீ, அப்படியும் சில வாரத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடையைத் திறந்துவிட்டான் என்று நீங்கள் கையை ஆட்ட, கையிலிருந்த சில்லறை குலுங்கியது.

அப்போதுதான் சொன்னேன். "மாமா, கதை சொல்லி வாடகை கட்ட முடியாது, எழுந்திரிங்க." அத்தனை பேர் முன்னால். நீங்கள் சில்லறையை எண்ணி அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தீர்கள்.

மன்னித்துவிடுங்கள். சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. நெய் எடுத்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அதுவும் கதையாகத்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டிக்கடைக்காரர்களின் கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல செட்டியார் கடைகள், ஆளுக்கொரு பெட்டி, முன்னால் சாய்மேசை, ராத்திரி அங்கேயே பாய். 'நீ என் பெட்டியடிப் பையன்' என்பீர்கள். காசுக்குக் காசு ஒத்துவராமல் நான் ஒரு நாளும் ஷட்டரை இறக்கியதில்லை, பெருமையாக இருக்கும்.

அதனால்தான் கோபம். நீங்கள் ஊருக்குப் போன மறுமாதம் சரக்குக்காரர் ஒருவர் வந்து நின்றார், பெயர் வேண்டாம், தொகையும் வேண்டாம். கடன் பாக்கி குறித்துவைக்கும் நம் சின்ன 555 நோட்டுப் புத்தகம் எதிலும் அது இல்லை. நாராயண பிள்ளையின் கடனைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள், நம் கடனை எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த மனிதர் போய்க் கேட்டார், மாமா. கேட்டதால்தான் 1827-ல் மாரியம்மன் கோயில் எழுப்பும் அளவுக்கு நிமிர்ந்தார். தீயை அரைமணி நேரம் சொல்வீர்கள், கேட்கப்போனதை ஒரே வரியில் தாண்டிவிடுவீர்கள். மூன்று வருடம் கட்டினேன், ஒவ்வொரு மாதமும் திட்டிக்கொண்டேதான் கட்டினேன்.

சரி, நான் மட்டும் என்ன யோக்கியம். கடை மூடுகிற விஷயம் என் மனைவிக்கே போன வாரம்தான் தெரியும்.

2020 அக்டோபர் கடைசியில் ராபின்சன்ஸை மூடுகிறார்கள் என்று செய்தி வந்த அன்று ராத்திரி நீங்கள் கூப்பிட்டீர்கள். 1858-ல் தொடங்கியது, தீயைத் தாண்டியது, கடைசியில் பாரு என்று ஆரம்பிப்பீர்கள் எனத் தெரியும். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

555 புத்தகங்கள் மொத்தம் நாற்பத்திரண்டு இருக்கின்றன. பாதிக்கு மேல் வசூலாகாத பாக்கி, எல்லாம் உங்கள் கையெழுத்து. கிழித்துப் போடவா, பார்சலில் அனுப்பவா? அத்தையிடம் சொல்லியனுப்ப வேண்டாம், முப்பதாம் தேதிக்குள் கூப்பிடுங்கள். எடுக்கிறேன்.