தூக்குக் கயிற்றுக்குப் பதில் ஊசி என்றால், அதைப் போடப்போவது யார்?

கடலூர், புதுச்சேரி மருத்துவர்களுக்கும், மயக்க மருந்து நிபுணர்களுக்கும், என் சக மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை நடத்துகிறவன் எழுதுகிறேன். மரண தண்டனையா, அது வக்கீல்கள் பாடு, நமக்கென்ன என்று உங்களில் பலர் நினைக்கலாம். ஆனால் இந்த விவகாரம் நம் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. தூக்கு கொடுமையானது, விஷ ஊசி மாதிரி வேறு வழி வேண்டும் என்று 2017-இல் போட்ட பொதுநல வழக்கில், 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழு அமைக்கலாம், அதில் எய்ம்ஸ் மருத்துவர்களையும் சேர்க்கலாம் என்று சொன்னது. அதற்கும் 20 வருடம் முன்பே, 2003-இல், சட்ட ஆணையம் தன் 187-ஆவது அறிக்கையில் ஊசியையும் ஒரு வழியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டது. மத்திய அரசு தூக்கே போதும் என்று வாதாடி வந்திருக்கிறது, சரி. நாளைக்கு மனம் மாறினால் மருந்தை எடுத்துக் கொடுப்பது யார், கையைத் தட்டி நரம்பு தேடி மருந்து ஏற்றும் குழாயை, அதாவது லைன், போடுவது யார்? நாம்தான்.

இந்த ஊசி முறை 1977-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உருவானது, முதலில் பயன்பட்டது 1982-இல் டெக்சாஸில். மூன்று மருந்து. முதலில் மயக்கத்துக்குத் தயோபென்டால், நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் பழைய ஆட்கள் எல்லோரும் கையாண்டதுதான். அப்புறம் தசைகளை முடக்கும் பான்குரோனியம். கடைசியில் இதயத்தை நிறுத்த பொட்டாசியம் குளோரைடு. நடுவில் இருக்கும் இரண்டாவது மருந்தைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். முதல் மருந்து சரியாக ஏறாவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும், பொட்டாசியம் நரம்பில் எரியும், ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது, கத்த முடியாது. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஆள் அமைதியாகத் தூங்குவதுபோல் தெரியும். அந்த மருந்து வேலை செய்வது பார்ப்பவர்களுக்காக.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது வேறு. நம் கடையில் பேட்ச் நம்பர், காலாவதி தேதி, யாரிடம் வாங்கினோம் என்ற பில் இல்லாமல் ஒரு இருமல் சிரப்கூட அலமாரியில் ஏறாது, ஏறினால் டிரக் இன்ஸ்பெக்டர் விடமாட்டார். அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டம் போட்டே மருந்து கொடுத்தவர் பெயரையும் ஊசி போட்டவர் பெயரையும் மறைக்கின்றன. மறைத்து என்ன ஆனது? 2015 ஜனவரியில் ஓக்லஹோமாவில் ஒருவருக்குப் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் அசிடேட்டைப் போட்டுவிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தது அக்டோபரில், அதுவும் அடுத்த ஆளுக்கும் அதே தவறான மருந்து வந்து இறங்கி, கடைசி நேரத்தில் தண்டனை நிறுத்தப்பட்ட பிறகு. அதற்கு முந்தைய வருடம் அதே மாநிலத்தில் நரம்பு கிடைக்காமல் ஒரு மருத்துவரே தொடையிடுக்கில் லைன் போட்டார். ஊசி போட்ட இடத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தது. ஆள் துடிக்க ஆரம்பித்ததும் சாட்சிகளுக்கு முன்னால் திரையை இறக்கிவிட்டார்கள், மருந்து ஏற்ற ஆரம்பித்து 43 நிமிடம் கழித்துத்தான் உயிர் போனது. நம் வார்டில் இப்படி நடந்தால் விசாரணை நடக்கும், உரிமம் போகும்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2010, 2011-இல் அங்கே தயோபென்டால் தட்டுப்பாடு வந்தபோது மும்பை நிறுவனம் ஒன்று நெப்ராஸ்காவுக்கு அனுப்பியது, விஷயம் வெளியே தெரிந்ததும் இனி விற்கமாட்டோம் என்றது. 2013-இல் மிசௌரி, புரோபோஃபால் என்ற மயக்க மருந்தால் கொல்ல ஏற்பாடு செய்தது. அப்படிச் செய்தால் ஐரோப்பா ஏற்றுமதியை நிறுத்திவிடும், சாதாரண ஆபரேஷன்களுக்கே மருந்து இருக்காது என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் எச்சரித்த பிறகுதான் ஆளுநர் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தார். மருத்துவர்கள் வாயைத் திறந்தால் நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2010-லேயே அங்குள்ள மயக்கவியல் வாரியம், இந்த ஊசியில் பங்கெடுக்கும் மருத்துவரின் சான்றிதழைப் பறிப்போம் என்று அறிவித்தது.

அப்படியானால் தூக்கே இருக்கட்டுமா என்று கேட்பீர்கள். நம்முடைய தூக்கைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 2020-இல் திகாரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டபோது கயிறு பீகாரின் பக்சர் சிறையிலிருந்து வந்தது என்பதுவரை டிவியில் சொன்னார்கள். கழுத்தெலும்பு உடனே முறிந்ததா, மூச்சுத் திணறிச் செத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கிலிட்ட உடலுக்குப் பிரேதப் பரிசோதனை கட்டாயம், கருணை மனு தள்ளுபடியான தகவல் போனபின் 14 நாள் அவகாசம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவை 2013 பிப்ரவரி 9 அன்று தூக்கிலிட்டு, குடும்பத்துக்கு ஸ்பீட் போஸ்டில் தகவல் அனுப்பினார்கள், அது கைக்குப் போய்ச் சேர்ந்தது 11-ஆம் தேதி. உடலையும் கொடுக்கவில்லை. அவர் செய்ததாகச் சொல்லப்பட்டது எதுவாகவும் இருக்கட்டும், அவர் மனைவியும் பிள்ளையும் என்ன செய்தார்கள்?

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒரு சிறுமியைச் சீரழித்துக் கொன்றதைக் கேட்டபோது புதுச்சேரியே தூக்கில் போடு என்று தெருவில் நின்றது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் வயிறு எரிந்தது. குழந்தைகளைச் சிதைப்பவன் வெளியே வரவே கூடாது என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு மருத்துவர் கையில் சிரிஞ்சாகக் கொடுப்பது வேறு விஷயம். இதே புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்சில், வலி தெரியாமல் கொல்ல ஒரு இயந்திரம் வேண்டும் என்று 1789-இல் சபையில் எழுந்து பேசியவர் கில்லட்டின் என்ற மருத்துவர். மரண தண்டனையே பிடிக்காத மனிதர், இரக்கப்பட்டுத்தான் பேசினார். இரக்கத்தில் பிறந்த அந்த இயந்திரம் கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு வேலை செய்தது. 1939-இல் வெர்சாயில் கூட்டம் கூடிக் கூத்தடித்தது என்று, தண்டனையை நிறுத்தாமல் சிறைச் சுவருக்குள்ளே கொண்டுபோய் மறைத்தார்கள், 1977 வரை நடந்தது. 1981-இல்தான் ஒழித்தார்கள். குறைந்த வலி என்று நாம் ஒரு வழியைச் செய்து கொடுத்தால் தண்டனைக்கு ஆயுள்தான் கூடும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். குழு அமைத்த பிறகு, கடிதம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்: கொல்லும் ஊசிக்கு மருந்து தேர்ந்தெடுக்கமாட்டோம், அளவு சொல்லமாட்டோம், லைன் போடமாட்டோம், ஆலோசனைக் குழுவிலும் உட்காரமாட்டோம். கூடவே 2014 தீர்ப்புக்குப் பிறகு தூக்கிலிடப்பட்டவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை, பெயரை மறைத்தாவது, வெளியிடும்படி மத்திய உள்துறை அமைச்சகத்தைக் கேளுங்கள். அதைப் படித்துச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் நீங்கள்தான். மருந்தாளுநர்கள் தரப்பில் தீர்மானத்தை எழுதி எடுத்துவருகிறேன், கூட்டம் கடலூரில் என்றாலும் ஜிப்மர் பக்கம் என்றாலும் வருகிறேன், தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்