லப்-டப் சத்தம் எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த இதயக் கட்டுரையில், தசைகள் வால்வுகளை இழுத்துத் திறப்பதாகவும் அந்தச் சத்தமே லப்-டப் என்றும் இருந்தது. இரண்டுமே சரியல்ல. பிளஸ் டூ பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் என்பதால் எழுதுகிறேன்.

வால்வு இதழ்கள் வெறும் மெல்லிய சவ்வுகள். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் ரத்தத்தின் அழுத்தம்தான். கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியை வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூன்று இதழ்களும் உப்பி ஒன்றோடொன்று சேர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். உயிர் போன இதயத்தில் எந்தத் தசை இழுக்கிறது?

இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுருங்கத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் ஏறி, ஆரிக்கிளில் (மேலறையில்) இருப்பதைத் தாண்டும். உடனே இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு மூடிக்கொள்ளும். மகாதமனி வால்வோ இன்னும் திறக்கவில்லை. நொடியில் சுமார் 20இல் ஒரு பங்கு நேரம் ரத்தத்துக்குப் போக்கிடமே கிடையாது. அழுத்தம் மட்டும் ஏறும். அது மகாதமனியில் உள்ள சுமார் 80 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தாண்டியதும் வால்வு திறந்து ரத்தம் பாயும். டாக்டர் 120/80 என்று சொல்வதில் கீழே உள்ள எண் இதுதான். அப்புறம் வெண்ட்ரிக்கிள் தளர்ந்ததும் ரத்தம் திரும்பி வரப் பார்க்கும், மகாதமனி வால்வு மூடிக்கொள்ளும். வலது பக்கத்திலும் இதே கதை, குறைந்த அழுத்தத்தில். முதலில் வால்வுகள் மூடும்போது லப், அடுத்து மூடும்போது டப். நல்ல வால்வு திறக்கும்போது சத்தம் கேட்பதில்லை.

வெண்ட்ரிக்கிளின் உட்சுவரில் உள்ள பாப்பில்லரி தசைகளை வைத்துக் கட்டுரையாளர் குழம்பியிருக்கலாம். மூடிய இதழ் ஆரிக்கிள் பக்கம் பிதுங்கிவிடாமல் நாண்களால் பிடித்துவைப்பதுதான் அவற்றின் வேலை. ஆட்டு இதயத்தைப் பிளந்தால் வெள்ளை நூல்களாக அந்த நாண்கள் கண்ணுக்குத் தெரியும்.

இதை விளக்கினால்தான் ருமாட்டிக் காய்ச்சலும் புரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்து, வால்வு இதழ்கள் நாளடைவில் தடித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் வழி முழுதாகத் திறக்காது. நேரத்தில் பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம். திருத்தத்தோடு இதையும் அடுத்த இணைப்பில் வெளியிடுங்கள், பெற்றோர் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திண்டுக்கல்