சாமானைத் தூக்கும் முன் பட்டியல் எழுதுங்கள்

எங்கள் மண்டலத்தில் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் எந்த மனுவுக்கும் என்னிடம்தான் நகல் எடுக்க வருவார்கள், அதனால் உங்கள் கணக்கெடுப்பு, அடையாள அட்டை, மறுபடியும் கணக்கெடுப்பு எல்லாமே எனக்கு லாபம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் மார்க்கெட் ஓரமாக லாரியை நிறுத்தி, மீன் விற்கிற ஆயாவின் பலகை, தராசு, தார்ப்பாய், கூறு கட்டி வைத்திருந்த சங்கரா எல்லாவற்றையும் வாரிப் போட்டீர்கள். நீங்களே கொடுத்த அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஆயா லாரி பின்னால் ஓடியது. “ஆபீசுக்கு வந்து பேசு” என்றார் உங்களில் ஒருவர். மறுநாள் போனால் பலகை இருக்கிறது, தராசு யாரிடம் போனது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காசிமேட்டில் விடியற்காலையில் கடனுக்கு எடுத்த மீன் அது.

தெரு வியாபாரிகள் சட்டம் என்று 2014-இல் நாடாளுமன்றம் ஒன்று போட்டதே, ஆயாவின் அட்டைக்கே அதுதான் அடிப்படை, அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. தந்த பிறகும் கிளப்புவதென்றால் 30 நாள் நோட்டீஸ். அதன் பிறகும் போகாதவர் சாமானை எடுத்தால் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கையில் ஒரு நகல் தர வேண்டும். திருப்பிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளில். ஆயாவுக்கு நோட்டீசும் இல்லை, பட்டியலும் இல்லை.

நடக்க இடம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டில் மாட்டிக்கொண்டு முழித்தவன்தான் நானும். ஆனால் பெரிய கடைக்காரர் நடைபாதை மேலேயே படிக்கட்டுப் போட்டிருக்கிறார், அதன் பக்கத்தில் கதவு இல்லாமல் ஒயர் தொங்குகிற மின்பெட்டி நிற்கிறது (அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?), அதையெல்லாம் தாண்டி உங்கள் லாரி நேராக ஆயாவிடம்தான் வருகிறது.

இதற்கு இன்னும் கடுமையான சட்டம், இன்னொரு துறை, ஒரு ஆப் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தெருவில் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை, நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. இருக்கிற சட்டத்தில் உங்களுக்கு என்று எழுதிய வேலையை விட்டுவிட்டு ஜனங்களிடம் புதுசு புதுசாகக் காகிதம் கேட்டால், அந்த ஆப்பிலும் இதுதான் நடக்கும். ஆயா இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

சரி, கேட்பது இரண்டே விஷயம். தராசு எங்கே என்று ஆயாவுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். அப்புறம், தெரு வியாபார விஷயங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எங்கள் பகுதிக் குழுவில் அப்படி யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று வார்டு ஆபீஸ் வாசலில் ஒட்டுங்கள். அந்தக் காகிதம் ஒட்டும்வரை லாரியை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.