வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது: காசிமேட்டிலிருந்து ஒரு நன்றி

எங்கள் தெரு உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பில், மவுஸில் லைட் எரிந்தும் திரையில் அம்பு நகராமல் வகுப்பே நின்றுபோனது. நேற்று பிள்ளைகள் ஏழு பேரும் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்குத்தான் முதல் நன்றி. புது மவுஸ் என்ன விலை என்று கேட்கத்தான் போனேன். கையில் பணமும் எடுத்துப் போயிருந்தேன். விஷயத்தைக் கேட்டவர், "மவுஸ்ல லைட்டு எரியுதாக்கா? அப்போ இப்ப வாங்காதீங்க, பார்த்துட்டு சொல்றேன்" என்றார். கைக்கு வந்த வியாபாரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கீபோர்டை அவர் தொடவே இல்லை. "நீங்களே அடிங்கக்கா, நாளைக்கு நான் இருக்க மாட்டேன்ல." கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் கறுப்புத் திரை வந்தது. அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, 'சுடோ டிமெசேஜ்' (sudo dmesg -w) என்ற கட்டளையை அடித்தேன். கம்ப்யூட்டருக்குள் நடப்பதை அது உடனுக்குடன் வரிவரியாகக் காட்டும். மவுஸைச் செருகும்போதெல்லாம் 'எரர் மைனஸ் 71' என்று ஒரே வரி வந்தது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் நாலு கோடு போட்டுக் காட்டினார். மவுஸின் யூஎஸ்பி வயருக்குள் நாலு கம்பி, ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு பேச்சுக்கு. "கரண்டு வருது, அதான் லைட்டு. பேச்சு வந்து சேரல. கம்ப்யூட்டரை இயக்குற லினக்ஸ் மேல தப்பில்லக்கா, மவுஸை ஓட்டுற டிரைவர்ங்கிற சாஃப்ட்வேர் அதுக்குள்ளயே இருக்கு."

டார்ச் அடித்து, மவுஸ் வயரைச் செருகும் முன்பக்க ஓட்டையை, அதாவது போர்ட்டைக் காட்டினார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. கடல் உப்புக்காற்று எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளையே தின்கிறது, இது எம்மாத்திரம். பின்பக்க போர்ட் நேராக மதர்போர்டிலேயே, அதாவது கம்ப்யூட்டரின் முக்கியப் பலகையிலேயே இருப்பது. அதில் செருகினேன். திரையில் புது வரிகள் மளமளவென்று ஓடின. அம்பு நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார்.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் ஏற்றித் தந்த பெரம்பூர் நண்பர், அதை மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து இறக்கிய அண்ணன், பிள்ளைகளைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டு அக்கா, ஒரு வார்த்தை குறை சொல்லாத பெற்றோர், உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

காலண்டர் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டேன். இனி மவுஸைத் தொடும் முன் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கறுப்புத் திரையைத் திறக்கப் பழகும். நம் தெருவில் யார் வீட்டில் மவுஸ் நின்றாலும் என்னைக் கூப்பிடுங்கள், எந்நேரமானாலும் வருவேன்.

தம்பி, உங்கள் டார்ச் இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வஞ்சிரம் குழம்பு வைக்கிறேன்.