சந்தைக் குப்பையைக் கலக்காமல் தாருங்கள்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்கு முன்னர் உங்களில் சிலர் எங்கள் படலைக்கும் வந்தீர்கள். கிரவல் ரோட்டு, வீதி விளக்கு, வாய்க்கால் மதகு எல்லாம் பேசினோம். குப்பையைப் பற்றி நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் பிழை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளையும் மூன்று ஏக்கர் வயலும், வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியும் எங்களுக்கு இருக்கின்றன. மேட்டில் கத்தரி, மிளகாய், பயறு, கச்சான், பத்துப் பதினைந்து வாழை. வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவேன். பின்னேரம் கடை கட்டும் நேரத்தில் அங்கே நடப்பதை நீங்கள் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். கோவா இலை, பூசணிக் கழிவு, வாழைத்தண்டு, அழுகிய தக்காளி எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அந்த நேரத்தில் அது தங்கம். அடுத்த பத்து நிமிடத்தில் அதன்மேல் லஞ்ச் சீற் விழும், சொப்பிங் பை விழும், உடைந்த போத்தல் விழும், மீன் கடையின் ரெஜிபோம் பெட்டி விழும். அப்புறம் உழவு மெஷின் பெட்டி வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு காட்டோரம் போகும். அங்கே கொட்டி, மழை இல்லாத நாளில் யாரோ நெருப்பு வைப்பார்கள். டீசலுக்குக் காசு கொடுத்து பசளையைக் கொண்டுபோய் நஞ்சாக்குகிறோம்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். உக்கும் கழிவோடு உக்காததைக் கலக்காதீர்கள், அது கூட்டெருவாகட்டும். மீதிக் கதை எல்லாம் அதற்கான விளக்கம்.

நாங்கள் 2010இல் மீளக்குடியேறி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. கண்ணிவெடி எடுப்பவர்கள் காணியைத் துப்புரவாக்கித் தந்திருந்தார்கள். மாமரத்துக்குக் கீழே நாங்கள் முன்பு வெட்டிய பங்கர் பாதி தூர்ந்து கிடந்தது. அப்பா அதை மூடிவிடுவோம் என்றார். ஆச்சி விடவில்லை. “கிடங்கு வெட்டுற கூலி மிச்சமடா, குப்பையைப் போடு” என்றார். உயிர் காக்க வெட்டிய குழியில் வைக்கோலும் சருகும் போட எனக்கு முதலில் மனம் வரவில்லை. ஆச்சிக்கு அப்படியெல்லாம் இல்லை.

இடம்பெயர முன்னர் எங்கள் பட்டியில் நாற்பது மாடு நின்றது. திரும்பி வரும்போது ஒன்றுகூட இல்லை. சாணிக்கு அயலுக்குப் போய் நின்றோம். ஆச்சி கணக்கு வைத்திருந்தார்: முழங்கை உயரத்துக்குக் காய்ந்தது, அதாவது வைக்கோல், கச்சான் கொடி, சருகு. அதன்மேல் அரைச் சாண் பச்சை, அதாவது கிளிசரியா, காவிளாய், நறுக்கிய வாழைமட்டை. அதன்மேல் சாணிக் கரைசல் தெளித்து, ஒரு பிடி சாம்பலும் பழைய கிடங்கு மண்ணும் தூவுவார். பிறகு மறுபடி காய்ந்தது. மேலே பனையோலை மூடி. நாலாம் நாள் அலவாங்கை நடுவில் குத்திவைத்து, கொஞ்ச நேரம் கழித்து இழுத்து என் கையில் தந்தார். பிடிக்க முடியவில்லை.

அந்தச் சூடுதான் கூட்டெருவின் உயிர். சரியாக அடுக்கிய கும்பி 55 முதல் 65 பாகை வரை கொதிக்கும். அதில் களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் செத்துப்போகும். சூடு ஏறாத கும்பியில் பார்த்தீனியத்தைப் பூவோடு போட்டுவிட்டு, அடுத்த மாரியில் தோட்டம் முழுக்கப் பார்த்தீனியம் முளைத்தது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். சூட்டுக்கு வேண்டியது நாலு: காய்ந்ததும் பச்சையும் அளவாக, காற்று, ஈரம், பிறகு கொஞ்சம் பருமன். ஒரு மீற்றர் நீள, அகல, உயரத்துக்குக் குறைந்தால் சூடு நிற்காது. ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிய வேண்டும், வழியக் கூடாது. மாரியில் கிடங்குக்குள் தண்ணீர் நின்று நாறும் என்பதால் ஐப்பசிக்குப் பிறகு ஆச்சி நிலத்துக்கு மேலேதான் கும்பி போடுவார். கோடையில் மட்டும் கிடங்கு.

படித்தவர்கள் இதையே கார்பன், நைதரசன் விகிதம் என்பார்கள். நைதரசன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் கும்பி நன்றாக வேலை செய்யும். வைக்கோலில் கார்பன் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், சந்தை மரக்கறிக் கழிவில் குறைவு. இரண்டையும் சேர்த்தால் கணக்கு சரி. வைக்கோல் வயலில் கிடக்கிறது, கழிவு சந்தையில் கிடக்கிறது. இரண்டும் சந்திக்க நாம் விடுவதில்லை, அவ்வளவுதான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் இருந்து பயிர்க்கழிவு, சாணி, மண், சாம்பல் என்று அடுக்கி ஒரு முறையை ஒழுங்குபடுத்தினார். உலகம் அதை இந்தூர் முறை என்கிறது. ஆச்சி இந்தூரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

சரி, இனி கசப்பான கதை. சேதனப் பசளை என்று சொன்னாலே எங்கள் கமக்காரர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். அதற்குக் காரணம் கூட்டெரு அல்ல, 2021. அந்த ஆண்டு மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தும்போது காலபோகம் விதைத்தாயிற்று. நெல் மஞ்சளாகி நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். இடையில் சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் சேதனப் பசளை வந்தது. மாதிரியில் நோய்க்கிருமி இருக்கிறது என்று இறக்க விடவில்லை. இறக்காத பசளைக்கு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர் கட்டினோம்.

அந்தக் கணக்கு ஏன் பிழைத்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு யூரியா மூட்டைக்கு ஈடாக 2,300 கிலோ காய்ந்த எரு வேண்டும். அதுவும் ஒரே போகத்தில் முழுவதும் பயிருக்குக் கிடைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். நாடு முழுவதற்கும் ஆறு மாதத்தில் இதை எங்கே கிண்டுவது? நான் இருபது வருடமாக எரு போடுகிறவள், நானே அன்று திட்டினேன். என் வயலுக்கு இன்றும் அளவாக யூரியா வாங்குகிறேன். வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் வாங்குவதில்லை, அங்கே கூட்டெருவே போதும். இதைச் சொல்லாமல் எருவைப் புகழ்ந்தால் கமக்காரர் என்னை நம்பமாட்டார்கள், நீங்களும் நம்பக் கூடாது.

யூரியாவுக்குப் பதிலாக இல்லையென்றால் பிறகு எதற்கு எரு என்று கேட்பீர்கள். எங்கள் செம்மண்ணை மண்வெட்டியால் கேட்டுப் பாருங்கள். மாரியில் காலில் ஒட்டும், கோடையில் கல்லாகி அலவாங்கு கேட்கும். இந்த வெயிலுக்கு மண்ணில் உள்ள உக்கல் சீக்கிரமே எரிந்து தீர்ந்துவிடும், அதனால் ஒருமுறை போட்டுவிட்டு இருக்க முடியாது. எரு போட்ட பாத்தியில் மண் கடுகு கடுகாக உதிரும், மழை உள்ளே இறங்கும், போட்ட பசளையும் ஓடிப்போகாமல் நிற்கும். என் கத்தரிப் பாத்திக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். பக்கத்துக் காணியில் தினமும் மோட்டார் ஓடுகிறது. சிறுபோகத்துக்குக் குளத்து நீரைப் பங்கு போட்டுச் சண்டை பிடிக்கும் ஊரில் இது சின்ன விஷயமா?

வைக்கோலைப் பற்றியும் ஒரு சொல். வெட்டு மெஷின் வந்த பிறகு வைக்கோலை வயலிலேயே எரிப்பது பழக்கமாகிவிட்டது. ஒரு தொன் வைக்கோலில் ஐந்து முதல் எட்டுக் கிலோ நைதரசனும், பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாமல் பொட்டாசியமும் இருக்கின்றன. எரித்தால் நைதரசன் கிட்டத்தட்ட முழுவதும் புகையாகப் போய்விடும். இதை நிறுத்துவது கமக்காரர் அமைப்புகளின் வேலை, உங்களுடையது அல்ல என்று தெரியும். ஆனால் சந்தைக் கும்பிக்கு வைக்கோல் வாங்குகிறோம் என்று சபை ஒரு பலகை போட்டால், தீப்பெட்டியைத் திரும்ப மடிக்குள் வைப்பவர்கள் இருப்பார்கள்.

சபைகள் கூட்டெரு செய்யாமல் இல்லை என்பீர்கள். உண்மை. ஒரு சபையின் கூட்டெருவை நானும் வாங்கியிருக்கிறேன், எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. இரண்டு மூட்டை. அரித்துப் பார்த்தால் கண்ணாடித் துண்டு, பொலித்தீன் நூல், ஒரு டோர்ச் பற்றரி. மீதியை மிளகாய் நாற்றுமேடைக்குப் போட்டேன். அது உக்கி முடியாத எரு. நாற்று ஒரு வாரத்தில் கருகிவிட்டது. முற்றாத எரு மண்ணில் இருக்கும் நைதரசனையும் தானே தின்னும், வேரையும் சுடும். அந்தச் சபையில் வேலை செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கலந்து வந்த குப்பையை வெறும் கையால் பிரிக்கச் சொன்னால் யாரால் முடியும்? பிழை அவர்களிடம் வருவதற்கு முன்னரே, சந்தை மூலையில், அந்தப் பத்து நிமிடத்தில் நடந்துவிட்டது.

ஆகவே பெரிய கொட்டகை, வெளிநாட்டு மெஷின், திறப்பு விழா எதுவும் முதலில் வேண்டாம். சந்தைக்குள் இரண்டு பெட்டி வையுங்கள், உக்குவதற்கு ஒன்று, உக்காததற்கு ஒன்று. சந்தையை ஆண்டுக் குத்தகைக்கு விடும் பத்திரத்தில், பிரித்துப் போடாத கடைக்குத் தண்டம் என்று ஒரு வரி சேருங்கள். வியாபாரிகள் முதல் மாதம் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுப்பேன். கும்பியைக் காட்டுக்குக் கொண்டுபோகாமல் சந்தைக்குப் பின்னாலேயே, நிழலில், வடிகால் உள்ள மேட்டில் போடுங்கள். உங்களிடம் இருக்கும் ஜேசிபி இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து அரைமணி நேரம் புரட்டினால் போதும், மூன்று மாதத்தில் எரு. மீன் கழிவை நடுவில் புதைத்து வைக்கோலால் மூடினால் நாயும் வராது, நாற்றமும் வராது. சலூன் முடியைக்கூடப் போடலாம், மெதுவாக உக்கும். உமியை மட்டும் கும்பியில் கொட்டாதீர்கள், அதில் சிலிக்கா அதிகம், லேசில் உக்காது. கரியாக்கிச் சேர்த்தால் நல்லது.

விற்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு சட்டியில் எருவும் மண்ணுமாகப் போட்டுப் பத்துப் பயறு விதையுங்கள். ஐந்தாம் நாள் குறைந்தது ஒன்பது முளையாவது நிமிர்ந்து நின்றால் மூட்டை கட்டலாம். இலவசமாகக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். முன்பு ஊருக்கு ஊர் இலவசமாக வந்த பிளாஸ்டிக் கூட்டெருப் பீப்பாக்கள் இன்று கோழித் தீன் வைக்கத்தான் பயன்படுகின்றன. காணி பரந்து கிடக்கும் எங்களுக்குப் பீப்பா எதற்கு? அது வவுனியா நகரத்துச் சின்ன வளவுகளுக்குச் சரி.

காட்டோரக் குப்பைமேடு யானையையும் கூப்பிடும். அம்பாறை பள்ளக்காட்டில் குப்பைமேட்டுக்கு வந்து பொலித்தீன் தின்று யானைகள் செத்ததைச் செய்தியில் பார்த்தோம். எங்கள் ஊர்களில் யானை ஏற்கெனவே வேலியை முறித்துக்கொண்டுதான் வருகிறது. அதற்கு நாங்களே விருந்து வைக்க வேண்டுமா?

ஆச்சி போய் ஆறு வருடமாகிறது. பங்கர் கிடங்கு இன்னும் இருக்கிறது, இந்தக் கோடையிலும் நிரப்பியிருக்கிறேன். சந்தைக் கும்பி தொடங்குவதென்றால் முதல் கும்பிக்குத் தூவப் பழைய கிடங்கு மண் இரண்டு கடகம் தருகிறேன், அதில் புழுவும் நுண்ணுயிரும் நிறைய இருக்கின்றன. இந்த மடலுக்குப் பதில் எழுதத் தேவையில்லை. சந்தை மூலையில் இரண்டு பெட்டியைக் கண்டால் கடகத்தோடு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
வவுனிக்குளத்து வாய்க்கால் ஓரத்திலிருந்து
ஒரு கமக்காரி