எங்கள் கோயில் மணிக்கு நாக்குத் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களே, வெளிநாட்டு உறவுகளே,

போன ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் திருந்தாதி மணி, அந்திச் செபத்துக்கான மணி, அடித்தது. மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒன்பது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். 2009க்குப் பிறகு முல்லைத்தீவின் எங்கள் கரையில் கேட்காத சத்தம் அது.

போர் முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது மணி பாதி மண்ணுக்குள் கிடந்தது. நாக்கைக் காணவில்லை. அன்றிலிருந்து பூவரச மரத்தில் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டி அடித்தோம். பூசைக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். சாவுக்கு விட்டுவிட்டு அடித்தாலும் இரும்பு இரும்பாகத்தான் கேட்டது.

முதல் நன்றி பட்டறை அண்ணாவுக்கு. நாக்குச் செய்ய நாங்கள் கொண்டுபோன லொறி அக்சில் துண்டை அவர் திருப்பி அனுப்பினார். மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு வெள்ளீயம். ஓசை அதனால்தான் நீள்கிறது, ஆனால் உடையவும் செய்யும். கடினமான உருக்கால் அடித்தால் வெடித்துவிடும் என்று சொல்லி, மிருதுவான இரும்பைத் தேடியெடுத்து அடித்துத் தந்தார். கூலி வாங்கவில்லை.

தன் பழைய வீட்டு முதிரை மர விட்டத்தைத் தந்த தச்சர் ஓடாவியாருக்கும், கப்பியும் கயிறும் ஆட்களும் தந்த கரைவலைச் சம்மாட்டி ஐயாவுக்கும் நன்றி.

சங்கீத ரீச்சருக்கு என்ன சொல்வது! அம்மன் கோயிலில் தேவாரம் பாடுகிறவர், எங்கள் மணியடியில் ஒரு மணித்தியாலம் காது கொடுத்து நின்றார். ஒரே அடிக்குள் பல சுரங்கள் கேட்கின்றன: ஸட்ஜம், அதன் மேல் சாதாரண காந்தாரம், பஞ்சமம், மேல் ஸட்ஜம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கீழ் ஸட்ஜமும் முனகுகிறது என்றார். ஐரோப்பிய முறையில் வார்த்த மணிகள் பெரும்பாலும் இப்படித்தானாம். அந்தக் காந்தாரம்தான், கலியாணத்துக்கு அடித்தாலும் மணிக்குள் ஒரு ஏக்கத்தை வைக்கிறது. சரி, மணியை மாற்ற முடியாது. நாங்கள் எங்கள் பாட்டின் சுருதியை மணிக்கு இறக்கினோம். ஞாயிறு பாடும்போது மணி ஓய்ந்த இடத்திலிருந்தே குரல் எடுத்தோம். பின்வரிசைத் தம்பிமாருக்கு அழுகை வந்து ஒரு அடி தப்பிவிட்டது.

கனடாவிலும் பிரான்சிலும் இருந்து பணம் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரு அக்கா வைபர் அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாவது அடி அடங்கும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "நாளைக்கும் எடு" என்றார்.

தண்டவாளத் துண்டை முன்பள்ளிக்குக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
பங்குப் பாடகர் குழுவினர்