அந்த வெள்ளக் கல்ல எடுத்த எடத்துலயே போட்டுரு மக்களே

மக்களே,

நீ அனுப்புன போட்டோவும் வீடியோவும் நேத்து ராத்திரி பாத்தோம், அம்மை மூணு தடவ போட்டுப் பாத்தா, லட்சத்தீவு அகத்தியில கடல் வெள்ளம் கண்ணாடி மாதிரி கெடக்குன்னு பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் காட்டியாச்சு. நீ கொஞ்சம் தேறியிருக்க, அதுல எங்களுக்கு சந்தோசம். ஆனா ரெண்டாவது போட்டோவுல முட்டளவு வெள்ளத்துல ஒரு கல்லு மேல ஏறி நிக்கிய, கையில கெள கெளயா வெள்ளையா ஒண்ணு, அம்மைக்கு ஷோகேஸ்ல வைக்க கொண்டு வாறேன்னு எழுதியிருக்க. அத பாத்ததுல இருந்து எனக்கு ஒறக்கம் வரல்ல. போன்ல சொன்னா செரிப்பா செரிப்பான்னு வச்சிருவ, அதனால இருந்து எழுதுறேன், நீட்டா இருக்கும், வேலை முடிஞ்சு பைய வாசி.

நீ ஏறி நின்னது கல்லு இல்ல மக்களே. பவளப்பாறை, உயிருள்ள சாதனம்.

ஒனக்கிட்ட இதுவர சொல்லாத ஒரு காரியம் இருக்கு, ஒனக்க அம்மைக்கு மட்டும் தெரியும். 1984ல, எனக்கு இருவது வயசு, கச்சான் காத்து அடிச்சு இங்க மேற்கு கடல்ல கட்டுமரம் எறக்க முடியாம வீட்டுல அடுப்பு எரியாத சமயம், ரெண்டு மூணு பேர் தூத்துக்குடி பக்கம் வேலைக்கு போனாவ, நானும் கூடப் போனேன். என்ன வேலைன்னா கடலுக்குள்ள பவளப்பாறைய கடப்பாரை வச்சு பேத்து வள்ளத்துல ஏத்துறது, சுண்ணாம்புக் காளவாசலுக்கு போகும். கூலி நல்ல கூலி. மொத நாளு ஒரு பெரிய உருண்டக் கல்ல நாலு பேரா தூக்கி வள்ளத்துல வச்சோம், கொஞ்ச நேரத்துல அதுக்க மேல இருந்து வழுவழுன்னு கோழ மாதிரி வடிஞ்சு வந்துது, கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிட்டு, வெயில் ஏற ஏற ஒரு நாத்தம் வந்துது பாரு, மீன் அழுகுன நாத்தம் இல்ல, அது வேற மாதிரி. கல்லு எதுக்கு நாறணும்னு அப்பம் எனக்கு தோணல்ல. சின்ன சின்ன நண்டும் விரல் நீள மீனும் அந்தக் கல்லுக்க பொந்துல இருந்து துள்ளித் துள்ளி வள்ளத்துல விழுந்து செத்துது, அத அள்ளி வெளிய போட்டுட்டு நாங்க அடுத்த கல்லுக்கு போனோம். ரெண்டு மாசம் அந்த வேல பாத்தேன்.

பிற்பாடுதான் தெரிஞ்சுது, நம்ம கோயில் ஹால்ல கடல் படிச்ச பிள்ளைங்க வந்து படம் போட்டு காட்டினாவ. அந்தக் கல்லுல தெரியுற ஒவ்வொரு சின்ன ஓட்டையும் ஒரு பிராணிக்க வீடாம், அதுக்கு வாயி உண்டு, வாயச் சுத்தி விரலு மாதிரி உண்டு, ராத்திரி வெளிய நீட்டி எர பிடிக்கும். அதுக்க சதைக்குள்ள கண்ணுக்கு தெரியாத பாசி குடியிருக்கு, அந்தப் பாசி வெயில வச்சு சாப்பாடு உண்டாக்கி அதுக்கு குடுக்கும், பாதி இல்ல, கிட்டத்தட்ட 90 சதவீதம் வர அந்தச் சாப்பாடுதான். அதுக்கு பதிலா இது பாசிக்கு எடம் குடுக்கும். கடல்ல இருந்து சுண்ணாம்ப எடுத்து தனக்கு அடியில கூடு கட்டிக் கட்டி மேல போகும். உருண்டக் கல்லு வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளந்தா பெருசு. அப்பம் நாங்க நாலு பேரு தூக்குன அந்தக் கல்லுக்கு எனக்க தாத்தாவ விட வயசு இருந்திருக்கும், கேட்டியா. மன்னார் வளைகுடாவுல 21 தீவுல 2 தீவு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இப்பம் கடலுக்கு அடியில போயிட்டு. கல்ல எடுத்தா அலைய தடுக்க ஆளில்ல, மண்ணு நிக்காது. அதுல எனக்க கைக்கும் பங்கு உண்டுன்னுதான் நான் நெனைக்கேன்.

இப்பம் ஒனக்க கையில இருக்குற துண்டுக்கு வாறேன். வெள்ளையா இருக்கே, செத்ததுதானேன்னு நீ சொல்லுவ. கரையில அடிச்சு ஒதுங்கிக் கெடக்குறதுன்னா செத்ததுதான். வெள்ளத்துக்குள்ள நட்ட மேனிக்கு பளிச்சுன்னு வெள்ளையா நின்னா அது சாகல்லன்னு கூட இருக்கும். கடல் சூடு வழக்கமான கோடைய விட ஒரு டிகிரி கூடி நாலஞ்சு வாரம் நின்னாலே போதும், உள்ள இருக்குற பாசிய அது வெளிய தள்ளிரும், நெறம் போயி எலும்பு தெரியும், பட்டினி கெடக்கும். வெள்ளம் சீக்கிரம் தணுத்துட்டா பாசி திரும்ப ஏறி பிழச்சுக்கும். தணுக்கல்லன்னா செத்து அதுக்கு மேல பச்சையும் கருப்புமா வேற பாசி மூடிரும். 1998லயும் 2010லயும் 2016லயும் இப்பிடி வெளுத்துது, 2024லயும் லட்சத்தீவுல கடுமையா வெளுத்துது. அங்க பாறையில 1998ல 37 சதவீதம் எடத்துல இருந்த உயிர்ப்பவளம் 2022ல 20க்கு கீழ வந்துட்டாம். பட்டினி கெடக்குற ஒருத்தன் மேல காலு வச்சு நின்ன மாதிரி ஆகும் மக்களே, அதான் எனக்கு பொறுக்கல்ல.

செத்ததா இருந்தாலும் எடுக்காத. பவளக் குஞ்சு வந்து ஒட்டுறது அந்தச் செத்த கல்லு மேலதான். பின்ன சட்டமும் உண்டு, 2001ல இருந்து பவளம் எல்லாம் வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு என்ன காவலோ அதே காவல் இதுக்கும், செத்ததுக்கும்தான். ஏர்போர்ட்ல பிடிச்சா ஒனக்க வேலையும் போவும்.

நம்ம ஊர்ல பாரு இருக்கே, அது வேற இது வேறன்னு நீ நெனைக்கலாம். நெசந்தான், நம்ம பாரு மலைக்கல்லு, கடலுக்கு அடியில கெடக்குற மல, அங்க உள்ளது பிராணி தானா கட்டுனது. ஆனா மீனுக்கு ரெண்டும் வீடுதான். ஒன்ன சின்னதுல பாருக்கு கூட்டிட்டு போனது ஓர்ம இருக்கா, வேளிமலை மொட்டும் நம்ம கோயில் கோபுரமும் நேர வரணும், கெழக்க இன்னொரு அடையாளம் சேரணும், அப்பம் கயித்துல கட்டுன ஈயத்த விட்டா, சேறுல விழுந்தா கைக்கு ஒண்ணும் தெரியாது, கல்லுல விழுந்தா டக்குன்னு கையில தட்டும். அங்கதான் கலவாயும் வெளமீனும் பாரையும். கல்லு இடுக்குல சிங்கிறாலு, பேய்க்கணவா, சிப்பி. சில நேரம் தூண்டில்ல செவப்பா விசிறி மாதிரி ஒரு கெள மாட்டி வரும், அதுவும் பவளத்துக்க சொந்தம்தானாம். நம்ம இனயம் பக்கமும் விழிஞ்ஞம் பக்கமும் கல்லுப் பவளமே கொஞ்சம் உண்டு. இழுவமடி போட்டு கரைக்கு அடுத்து இழுக்கத் தொடங்குன பொறவு, அறுந்த தங்கூசி வலை பாருல சுத்திக் கெடந்து தானா மீன கொல்லுது, எடுக்க ஆளில்ல. முன்ன ஒரு ராத்திரியில பத்து கலவா எடுத்த எடத்துல இப்பம் ரெண்டு எடுத்தா பெருசு. கலவாக்கு ஒரு விசேசம் உண்டு, பொறந்து வளருறப்ப எல்லாம் பெட்டை, பெருசான பொறவுதான் அதுல கொஞ்சம் ஆணா மாறும். நம்ம ஆளுங்க பெருச பாத்து பாத்து பிடிச்சோம், ஆணு இல்லாம எப்பிடி பெருகும்.

அங்க கிளிமீன் பாத்தியா? நம்ம பாறசாலை சந்தையில கிளிமீன்னு விக்கிற சின்ன ரோஸ் மீன் இல்ல, நான் சொல்லுறது பச்சையும் நீலமுமா கிளி அலகு உள்ளது. வெள்ளத்துல தலைய முக்கி கேளு, கறுக் கறுக்குன்னு கல்ல கடிக்கிற சத்தம் கேக்கும். கல்லு மேல உள்ள பாசியத் தின்னு சுண்ணாம்ப அரைச்சு மண்ணா கழியும், நீ காலையில நடக்குற அந்த வெள்ள மணல்ல நல்ல பங்கு அதுக்க வயித்துல இருந்து வந்தது. அந்த மீனு இல்லன்னா பாசி மூடி பவளம் மூச்சு முட்டும். அங்கத்த ஆளுங்க சூர மீன் பிடிக்க போறதுக்கு முன்ன அந்த உள்கடல்லதான் குஞ்சு மீன எரையா வலை வீசி எடுப்பாவ, பவளம் போனா எர போவும், எர போனா சூர போவும், சூரைய காயவச்சு உண்டாக்குற மாசியும் போவும்.

கடைசியா இத சொல்லணும். 2017ல ஓகி புயல்ல நாங்க எப்பிடி பிழச்சோம்னு நீ கேட்டப்பல்லாம் நான் பேச்ச மாத்துனேன். கூடப் போன போட்டுல உள்ளவங்க வரல்ல, அதனால எனக்கு வாயில வராது. ரெண்டு நாளு எஞ்சினும் போயி பம்பும் போயி வெள்ளம் கோரிக் கோரி கை செத்துது. பொலர்ச்சயில தூரத்துல ஒரு வெள்ள வர தெரிஞ்சுது, அலை போயி எதுலயோ அடிச்சு ஒடையுது, அதுக்கு அங்கால தென்ன. எஞ்சின எப்பிடியோ ஒரு தடவ கிளப்பி அலை ஒடையாத வழி பாத்து உள்ள ஏறுனோம். வெளிய பன மரம் ஒசரத்துக்கு அடிச்ச அலை, உள்ள வந்தா வெள்ளம் ஆடுது, அவ்வளவுதான், ஆடுது. பவளப்பாறையில அலைக்க வலுவுல சராசரியா 97 சதவீதம் ஒடஞ்சு போவும்னு அந்தப் பிள்ளைங்க ஹால்ல சொன்னப்ப மத்தவங்க தலையாட்டுனாவ, நான் எழும்பி வெளிய போயிட்டேன். தீவுக்காரங்க கஞ்சி தந்து உடுக்க துணி தந்து, நம்ம பேச்சும் அவங்க மலையாளமும் ஒண்ணுக்கொண்ணு தெரிஞ்சுது. நான் தூத்துக்குடியில பேத்து எடுத்த அதே சாதனம் என்னத் தூக்கி உள்ள வச்சுது.

அதனால அத எடுத்த எடத்துலயே வெள்ளத்துல பைய எறக்கி வை, எறியாத, ஆழம் கொறஞ்ச எடத்துல காலு ஊணாத, மண்ணு உள்ள எடம் பாத்து நில்லு. டூரிஸ்டு ஆளுங்கள போட்டுல கூட்டிட்டு போறப்ப நங்கூரத்த மண்ணுல போடச் சொல்லு, நீ புதுசா வந்தவன்னு பேசாம இருக்காத.

அம்மை ஷோகேஸுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டா. வரும்போது மாசி ரெண்டு கிலோ வாங்கிட்டு வா, நல்லா காஞ்சதா பாரு.

அப்பா